நாற்பத்தொரு நிமிட வாசகர்

நாற்பத்தொரு நிமிடமா, நாற்பத்து மூன்றா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று மழை பெய்ததாக நினைவு; அது வேறொரு சனிக்கிழமையாகவும் இருக்கலாம். கிருபானந்தனின் முகம் மட்டும் தெளிவாக நிற்கிறது. பணி ஓய்வுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமைதோறும் குளுவாங்கில் அய்யூப் பாயின் கடையில் இருவரும் தேநீர் குடிப்போம். கிருபானந்தன் சுகாதார இலாகாவில் இன்ஸ்பெக்டராக இருந்தவன். மூன்று வருடங்களாக வலைப்பூ எழுதிவந்தான். வாழ்க்கை, காலம், மனிதன் என்று மூன்று பொருள்கள்தான். மூன்றையும் ஒரே கட்டுரையில் எழுதுவான். யார் எந்த ஊரிலிருந்து வந்து எவ்வளவு நேரம் படிக்கிறார்கள் என்று காட்டும் கருவி ஒன்றை அவன் மகள் ஷாந்தினி அதில் பொருத்திக் கொடுத்திருந்தாள். அவளுக்குச் சிங்கப்பூரில் வேலை.

கைப்பேசியை என் பக்கம் திருப்பினான்.

“பாரு சிவசம்பு. ஜோகூர் பாரு, ஒம்போது செகண்ட். பத்து பகாட், பதினோரு செகண்ட். இதெல்லாம் வழி தவறி வந்தவங்க. இங்க பாரு, லாயாங் லாயாங். ஒரே ஆளு. ஒவ்வொரு கட்டுரைக்கும் நாப்பத்தோரு நிமிஷம்!”

“தூங்கிட்டாரோ என்னமோ, சார்,” என்றார் கிளாஸ் எடுக்க வந்த அய்யூப்.

“பாய், நீங்க போயி டால்ச்சாவுக்கு உப்புப் போடுங்க லா.”

பிறகு என்னை உற்றுப் பார்த்தான். “உன் ஊருதானே. நீயா?”

“எனக்குத்தான் அதெல்லாம் திறக்கத் தெரியாதே,” என்றேன். அவன் எழுதத் தொடங்கியபோதே சொல்லிவைத்த பொய் அது. படிப்பதாகச் சொன்னால் அபிப்பிராயம் கேட்பான்.

“அதானே. நீ படிக்கிற ஆளுதான், ஆனா இவ்ளோ ஆழமா எல்லாம்... ஸ்டேஷன் பக்கம் கிளினிக் வச்சிருக்காங்களே டாக்டர் கஸ்தூரி, அவங்களாத்தான் இருக்கும். மெதுவா விசாரிச்சுச் சொல்லு.”

உண்மை இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், மகன் விட்டுப்போன கணினியில் அவன் கட்டுரையைத் திறப்பேன். முதல் பத்தி முடிவதற்குள் கண் ஜன்னலுக்குப் போய்விடும். வெளியே ரம்புத்தான் மரம், அதற்குப் பின்னால் தண்டவாளம். நல்ல எழுத்தாளர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார்கள். எங்கும் உட்கார விடமாட்டார்கள். கிருபானந்தன் அப்படியெல்லாம் செய்வதில்லை. அவன் கட்டுரை திறந்திருந்தால் வீட்டில் இன்னொருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மனைவி போன பிறகு அந்த மாதிரி ஒரு அமைதி எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. கோப்பி ஆறியதும் கணினியை மூடுவேன். அதைத்தான் கருவி நாற்பத்தொரு நிமிடம் என்று எண்ணியிருக்கிறது.

அந்த ஒரு வாசகருக்குக் கைம்மாறு செய்ய வேண்டும் என்று கிருபானந்தன் தீர்மானித்தான். “தத்துவத்தை விட்டுட்டு உங்க கதைய எழுதுங்கப்பா,” என்று ஷாந்தினியும் சொல்லியிருக்கிறாள். எழுதினான். கொசுப்புழு தேடிப் போனவன் தன் மேலதிகாரி வீட்டுப் பூஜாடியிலேயே அதைக் கண்டுபிடித்து, புழுவைச் சட்டைப்பைக் குப்பியில் வைத்துக்கொண்டே அவர் மனைவி கொடுத்த பலகாரத்தையும் சாப்பிட்டுவிட்டு வந்த கதை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். மரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. முடித்தேன், மூடினேன். அடுத்த மூன்று வாரமும் அப்படித்தான். இத்தனை நாள் இவன் இதை எங்கே ஒளித்து வைத்திருந்தான் என்று தோன்றியது.

நான்காவது கதை வந்த வாரம், கடையில் அவன் தேநீரைத் தொடவில்லை.

“அஞ்சு நிமிஷம். அப்புறம் நாலு. அடுத்ததுக்கும் நாலு. இப்பவும் நாலு. அவங்களுக்குச் சலிச்சுப்போச்சுடா. இந்த மாசத்தோட மூடிடலாம்னு இருக்கேன். அந்த ஒருத்தருக்காகத்தானே எழுதுனேன்.”

“நல்லா இருந்ததால சீக்கிரம் படிச்சு முடிச்சிருக்கலாம்,” என்றேன்.

“நல்லா இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

மின்விசிறி சுற்றியது. அய்யூப் தேநீரை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த நான்கு நிமிடத்தை அவனுக்குக் கொடுக்க வேண்டுமானால் நாற்பத்தொரு நிமிடத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். கரைந்துவிட்ட சர்க்கரையை இன்னொரு முறை கலக்கினேன்.

“பொதுவா சொன்னேன்.”

“பொதுவா!” என்றான். “மேலோட்டமா எழுதிட்டேன், அதான். கொசுவப் பத்தி எவனாவது எழுதுவானா? அலமாக்! டாக்டரம்மா என்ன நெனச்சிருப்பாங்க?”

மறுநாள், மூடுவதற்கு முன் கடைசி முயற்சியாக, காலம் என்னும் கடலில் மனிதன் ஒரு துரும்பு என்று ஒரு கட்டுரை வந்தது. திறந்தேன். முதல் பத்தியில் முற்றுப்புள்ளியே இல்லை. மரத்துக்குப் பின்னால் ஒரு சரக்கு ரயில் போயிற்று, நீளமான ரயில்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குத் தொலைபேசி அடித்தது. “திரும்பி வந்துட்டாங்கடா! நாப்பத்தாறு நிமிஷம்!” என்றான்.

கிருபானந்தன் இப்போதும் வாரந்தோறும் எழுதுகிறான். கொசுக் கதை உட்பட அந்த நான்கையும் நீக்கிவிட்டான். அதற்கு முன் அவற்றை நான் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ஷாந்தினி திருமணமாகிச் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கிறாள். அய்யூப் பாய் கடையை மகள் ஆப்ரினிடம் ஒப்படைத்துவிட்டார். டாக்டர் கஸ்தூரி கிளினிக்கை மூடிவிட்டுப் பக்கத்து ஊரான ரெங்கத்துக்குப் போய் ஒரு வருடமாகிறது. அதைக் கிருபானந்தனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.