இரண்டாவது பிரேக்

1

இந்தக் கதை என் அக்காவின் போனில் தொடங்கியது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது இது என் சொந்தச் சரக்கு போலத் தோன்றினால் அக்கா என்னைச் சும்மா விடமாட்டாள்.

"ஏண்டி, நீதான் கதையெல்லாம் எழுதுறியே. ஞானம் வந்தா கால் நின்னு போகுமா?"

"என்னக்கா உளர்ற?"

"நான் உளறல. உங்க அத்தானுக்கு ஞானம் வந்துடுச்சாம். அவரே சொல்றார். சொல்லிட்டு உக்காந்து நகம் வெட்டிட்டு இருக்கார்."

நான் எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைத்தேன். ஞானம் அடைந்தவர் நகம் வெட்டுவாரா என்பதுதான் எனக்கு வந்த முதல் கேள்வி. வெட்டாமல் பின்னே என்ன செய்வார்? ஆனாலும் கேள்வி வந்தது. இந்தக் கதை முழுக்க எனக்கு இப்படிப்பட்ட கேள்விகள்தான் வரப்போகின்றன. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"அதிகாலை. ஆற்றங்கரை. மரத்தடியில் அவர் கண்களை மூடியபோது உள்ளே ஒரு பேரொளி—"

(நிறுத்திவிட்டேன். அத்தான் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். கண்ணை மூடினால் வேலை போய்விடும்.)

"வாழ்க்கையில் எல்லாமே வெறுத்துப்போன ஒரு மனிதர்—"

(இதுவும் இல்லை. அத்தானுக்கு எதுவும் வெறுக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம்கூட மேல் வீட்டுக்காரரோடு வண்டி நிறுத்துகிற இடத்துக்காகச் சண்டை போட்டு, ஜெயித்துவிட்டு வந்திருந்தார்.)

மூன்றாவது தொடக்கம் அத்தான் சொன்னது. அதை அப்படியே தருகிறேன்.

"சிக்னல் பச்சை விழுந்துச்சு. கத்துக்கிற அம்மா கிளச்ச விட்டாங்க, வண்டி ஆஃப். பின்னாடி ஒரே ஹார்ன். எனக்குக் கோபம் வந்துச்சு. யாருக்கு வந்திருக்குன்னு பார்த்தேன். கோபம் இருக்கு, ஆளைக் காணோம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? திரும்ப ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன்."

இவ்வளவுதான். எந்தக் கதாசிரியரும் இதை வைத்துக்கொண்டு முழிக்கத்தான் செய்வார். ஒளி இல்லை, குரல் இல்லை, கண்ணீர்கூட இல்லை. (உண்மையைச் சொன்னால் அத்தான் இவ்வளவு கோர்வையாகப் பேசக்கூடியவர் இல்லை. அவர் சொன்னது பாதி. மீதியை நான் தைத்துச் சேர்த்தேன். "ஆளைக் காணோம்" மட்டும் அவருடையது. அதை என்னால் எழுதியிருக்க முடியாது.)

3

இப்போது கால்.

டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக், சொல்லிக்கொடுப்பவரின் காலடியில் இன்னொன்று. இரண்டையும் ஒரே கம்பியில் இணைத்திருப்பார்கள். சொல்லிக்கொடுப்பவர் மிதித்தால் கற்றுக்கொள்பவரின் பெடலும் கூடவே இறங்கும். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அத்தான் இந்த இரண்டாவது பிரேக்கின் மேல்தான் கால் வைத்திருக்கிறார்.*

அதனால் வேலை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தாலும் கால் மட்டும் வண்டியிலேயே இருக்கும். டிவியில் கார் துரத்தல் வந்தால் சோபாவில் உட்கார்ந்தபடி தரையை மிதிப்பார். சோபாவுக்கு முன்னால் விரித்த பாயில் ஒரு பாதம் அளவுக்கு நூல் தேய்ந்து கிடக்கும். பஸ்ஸில் போனால் பஸ் டிரைவருக்காகவும் இவர்தான் பிரேக் போடுவார். தூக்கத்தில் அக்காவின் கணுக்காலில் ஒரு தட்டு விழும். "படுக்கை ரொம்ப வேகமாப் போகுதா அத்தான்?" என்று நாங்கள் எல்லோரும் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார்.

அந்தக் கால்தான் நின்றுவிட்டது. சிக்னல் சம்பவத்துக்குப் பிறகு சோபாவில் அசைவில்லை, பஸ்ஸில் அசைவில்லை, படுக்கையிலும் இல்லை.

* சில ஸ்கூல் கார்களில் இரண்டாவது பிரேக்கை மிதித்தால் ஒரு பஸ்ஸர் கத்தும். அத்தான் தன் வண்டியில் அந்த ஒயரை எப்போதோ பிடுங்கிப் போட்டுவிட்டார். "தான்தான் வண்டிய நிறுத்தினோம்னு அவங்க நினைச்சுக்கட்டும். அப்பதான் அடுத்த தடவை நிஜமாவே நிறுத்துவாங்க" என்பார். இது ஞானத்துக்கெல்லாம் முந்தைய விஷயம். பின்னால் கதைக்குத் தேவைப்படும், ஒரு மூலையில் போட்டு வையுங்கள்.

4

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தாள். கையில் அத்தானின் ஊதா நிறப் பெட்டி.

"இத உன் வீட்டுலயே வெச்சுக்க."

"எதுக்குக்கா?"

"ஞானம் வந்தவங்க வீட்ட விட்டுக் கிளம்பிடுவாங்களாமே. பெட்டி இல்லாம எப்படிப் போவார்னு பாக்கறேன்."

"அவங்கல்லாம் வெறுங்கையோடதான்கா போவாங்க."

அக்கா யோசித்தாள். யோசித்துவிட்டுப் பெட்டியை என் கட்டிலுக்கடியில் தள்ளினாள். "இருந்தாலும் இருக்கட்டும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அவரு போறேன்னு சொல்லலடி. டீ குடிக்கிறார், சர்க்கரை பத்தலன்னு திட்டறார், வேலைக்குப் போறார். எல்லாம் முன்ன மாதிரிதான். அந்தக் கால் மட்டும் இல்ல. ரோட்டுல நான் பக்கத்துல நடந்தாக்கூட, எதுத்தாப்புல வண்டி வந்தா அது துடிக்கும். எனக்காகத் துடிச்ச கால்டி அது. இப்ப அது நின்னு போச்சுன்னா, நான் அவருக்கு யாரு?"

இங்கேதான் கதை எனக்கு விளையாட்டாக இருப்பது நின்றது. அக்காவுக்கு அவர் ஞானியா இல்லையா என்பது ஒரு பொருட்டே இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: நான் விழப்போனால் இந்த மனிதருக்குப் பதறுமா?

(இந்தப் பகுதியைப் படித்துவிட்டு அக்கா சொன்னது: "நல்லாத்தான் இருக்கு. ஆனா பெட்டி ஊதா இல்ல, நீலம்.")

5

சற்றுக் கட்டுரைத்தனமான ஒரு பகுதி. அவசரமாக இருப்பவர்கள் தாண்டிப் போகலாம், ஆனால் பல் டாக்டர் இதில்தான் வருகிறார்.

ஞானம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நான் கேள்விப்பட்டது. கோபம் வராது. ஆசை இருக்காது. முகத்தில் ஒரு தேஜஸ் தெரியும். நாளை நடப்பது இன்றே தெரியும். தப்பே நடக்காது. இதையெல்லாம் யார் என்னிடம் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞானம் அடைந்த யாரும் சொன்னதாக நினைவில்லை. அடையாத நாங்கள்தான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஊருக்குப் போகாதவர்கள் கூடி ஊரின் வரைபடம் போட்ட மாதிரி.

டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்கு இந்த வரைபடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. விஷயம் காதில் விழுந்ததும் வாசலில் "பதற்றமில்லாப் பயிற்சி" என்று போர்டு மாட்டிவிட்டார். அதைப் பார்த்து வந்தவர் பல் டாக்டர். நடுவயதுப் பெண்மணி. அடுத்தவர் வாய்க்குள் ஊசி போடக் கை நடுங்காதவர், ஸ்டீயரிங்கைத் தொட்டால் வேர்த்துக் கொட்டும். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்தப் பயம் அடியோடு போய்விட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

"சார் பக்கத்துல இருக்கறப்ப என்ன ஆகப்போகுது?" என்று சொல்லிக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்தி, ஓரமாக நின்றிருந்த ஒரு வேனின் கண்ணாடியைப் பெயர்த்துக்கொண்டு போனார். அத்தான் வண்டியில் அதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. அத்தான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்ததாம்.

டாக்டர் அழவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "ஞானி வாயால திட்டு வாங்கறதுக்கும் கொடுத்து வெச்சிருக்கணும் சார்."

அக்காவுக்கும் அன்று ஒரே சந்தோஷம். "கத்தினாராம்டி! கோபம் வருது. அப்ப ஞானமும் இல்ல, ஒண்ணும் இல்ல!" ஒரே ஒரு திட்டு, இரண்டு பெண்களுக்கும் நேரெதிரான இரண்டு ஆறுதல். எழுதுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் சாயங்காலமே அக்காவின் குரல் மாறியிருந்தது.

"ஏன் பிரேக் போடலன்னு கேட்டேன்டி. கவனிக்கலன்னு சொல்றார்."

நான் அத்தானிடமே நேராகக் கேட்டேன். "ஞானம் வந்தா தப்பு நடக்காதில்ல அத்தான்?"

"ஞானம்னு நான் எங்கம்மா சொன்னேன்? ஆளைக் காணோம்னு சொன்னேன். உங்கக்காதான் அதுக்குப் பேரு வெச்சா."

(இதைக் கேட்டதும் கதையின் முதல் பக்கத்தைத் திருத்தலாமா என்று யோசித்தேன். "அவரே சொல்றார்" என்று அக்கா சொன்னதாக அல்லவா எழுதியிருக்கிறேன்? திருத்தவில்லை. அக்கா அப்படித்தான் சொன்னாள்.)

6

இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாம். என்னிடம் இரண்டு முடிவுகள் தயாராக இருந்தன.

முதல் முடிவு: ஒரு விடியலில் அத்தான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார். தேய்ந்த பாயைப் பார்த்தபடி அக்கா— (வேண்டாம். இது அக்காவின் பயம். அதையே முடிவாக வைத்தால் நான் தங்கையே இல்லை.)

இரண்டாம் முடிவு: நரம்பு டாக்டர் ஒருவர் அத்தானின் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நரம்புத் தளர்ச்சி, மாத்திரை போதும்" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறோம். (அக்கா உண்மையிலேயே அழைத்துப் போனாள். காலில் கோளாறு ஒன்றும் இல்லை.)

மூன்றாவதை நான் எழுதவில்லை. அக்காவே எழுதிவிட்டாள்.

7

"எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுங்க" என்று அக்கா ஒருநாள் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள்தான். "ஊருக்கெல்லாம் சொல்லித் தரேன், உனக்குச் சொல்லித் தந்தா வீட்டுல சோறு கிடைக்காது" என்று அத்தான் தட்டிக் கழித்துக்கொண்டே இருப்பார். இந்த முறை உடனே சரி என்றுவிட்டார். அதுவே அக்காவுக்குத் திக்கென்றது.

என்னைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டாள். "எனக்கு ஒரு சாட்சி வேணும். கதைக்காக வராத, எனக்காக வா."

கிடங்குகள் வரிசையாக இருக்கும் தெரு. விடுமுறை நாள், ஆளரவம் இல்லை. அக்கா கையில் வண்டி இரண்டு முறை ஆஃப் ஆனது. மூன்றாவது முறை நகர்ந்தது. முதல் கியர், இரண்டாம் கியர். முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். அத்தான் கையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் இருவரின் கண்ணும் அவருடைய காலில்தான் இருந்தது. என்னுடையது இருக்கலாம். ஓட்டுகிறவளின் கண் அங்கே இருக்கக் கூடாது.

திறந்து கிடந்த ஒரு கேட்டிலிருந்து லாண்டரி வேன் ஒன்று பின்பக்கமாக வேகமாக வெளியே வந்தது.

கார் நின்றது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். வேன்காரர் எட்டிப் பார்த்து ஏதோ திட்டிவிட்டுப் போனார். நான் பின்சீட்டின் தரையை அவ்வளவு பலமாக மிதித்திருந்தேன், செருப்பு வார் அறுந்துவிட்டது. வேன் வந்த நொடியில் நான் அத்தானின் காலைப் பார்க்கவில்லை. சாட்சியாக வந்தவள் வேனைப் பார்த்துவிட்டேன்.

"யாரு பிரேக் போட்டது?" என்று கேட்டேன்.

முன்சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினேன்.

"அத்தான், நீங்களா?"

"வண்டி நின்னுடுச்சு இல்ல?"

"அது பதில் இல்ல."

"எனக்கும் அவ்வளவுதாம்மா தெரியுது."

அக்கா ஸ்டீயரிங்கை விடவே இல்லை. "என் காலுக்கு அடியில பெடல் இறங்குச்சு" என்றாள் மெல்ல. "நான் இறக்கினேனா, அதுவா இறங்குச்சா..." பாதியில் நிறுத்தினாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். (அழவில்லை என்கிறாள். அழுதாள்.)

ஒயரைப் பிடுங்காமல் இருந்திருந்தால் பஸ்ஸர் கத்தியதா இல்லையா என்று தெரிந்திருக்கும், கதையும் முடிந்திருக்கும்.

"ஏங்க, அடுத்த வாரம் ரிவர்ஸ் சொல்லித் தருவீங்களா?"

"ரிவர்ஸா? முதல்ல கிளச்ச மெதுவா விடக் கத்துக்க. இத்தனை வருஷத்துல இப்படிக் கிளச்ச விடற ஆள நான் பார்த்ததே இல்ல. வண்டி என்ன மாட்டு வண்டியா?"

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். கண் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.

"நாளைக்கு வரப்ப அந்தப் பெட்டிய எடுத்துட்டு வந்துடு" என்றாள்.

8

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நீலம்தான். வாசலில் நின்று கேட்டும் பார்த்தேன்.

"அக்கா, கால் இப்ப தட்டுதா?"

"கதைக்காகக் கேக்கறியா, எனக்காகக் கேக்கறியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "கதைக்காக" என்றேன்.

"அப்ப சொல்ல மாட்டேன்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உள்ளேயிருந்து அத்தான் டீ கேட்கும் குரல் வந்தது.

ஆகவே என்னிடம் முடிவு இல்லை. அத்தானுக்கு நேர்ந்ததன் பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. கவனிக்க ஆள் இல்லாவிட்டாலும் கவனிப்பு இருக்குமா என்பதும் தெரியாது. ஆனால் அன்று அந்தக் காரில் பின்சீட்டில் என் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள். என் அக்காவை நீங்கள் பார்த்ததுகூட இல்லை. அந்த வேன் பின்பக்கமாக வெளியே வந்தபோது உங்கள் கால் என்ன செய்தது? அசைந்ததென்றால், அதை அசைத்தது யார் என்று பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். கதையை அங்கே முடித்துக்கொள்கிறேன்.