தெற்குப் பாரின் கடைசிக் கூட்டம்

தெற்குப் பார் என்ற பவளத்திட்டில் யாரும் இரைமீன் பிடிக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியவனே தொன்கலோதான். பவளமெல்லாம் வெளுத்துச் செத்த அந்த வருஷம், மாலத்தீவின் அந்தச் சின்னத் தீவைச் சுற்றி முகுரான் என்ற இரைமீன் குஞ்சுகள் மிஞ்சியிருந்தது அங்கே மட்டும்தான். நீல உடம்பு, மஞ்சள் முதுகு, விரல் நீளம். உயிரோடு அள்ளி வீசினால்தான் சூரை மீன் மேலே வரும். சூரை வந்தால்தான் தூண்டில்காரனுக்குப் பிழைப்பு.

இப்போது விடியற்காலையில் அதே பாரின் மேல் அவனுடைய தோணி நின்றது. நாலு நாள் அலைந்தும் வேறெங்கும் இரை கிடைக்கவில்லை. இன்றும் வெறுங்கையோடு திரும்பினால் ஆட்கள் எல்லோரும் ரிசார்ட் வேலைக்குப் போய்விடுவார்கள். தோணி கரையில் கிடந்து மக்கும்.

"நீங்க போட்ட சட்டத்தை நீங்களே மீறுறீங்களா அத்தான்? பலே!" என்றான் மச்சினன் ஹுஸ்ஸே.

"வாயை மூடிட்டு வலையை இறக்குடா. பாதியைத்தான் எடுப்போம்."

பாதியாவது கீதியாவது! சூரைத் துணுக்கைத் தூவியதும் மொத்தக் கூட்டமும் வலைக்கு மேல் வந்து மொய்த்தது. அதைப் பார்த்த பிறகு பாதியை விட்டுவைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அத்தனையும் தோணியின் அடித்தொட்டிக்குள் போயிற்று. பலகை ஓட்டைகள் வழியே வந்துபோகும் கடல்நீர்தான் அவற்றுக்கு மூச்சு.

உச்சிவேளையில் தூரத்தில் பறவைகள் வட்டமிட்டன. கீழே சூரைக் கூட்டம்! ஆட்கள் தூண்டிலோடு வரிசைகட்டினார்கள். ஹுஸ்ஸே தொட்டிக்குள் கைவிட்டான்.

"அத்தான், தண்ணி சுடுது."

கடலே சுட்டது. நெருக்கத்திலும் சூட்டிலும் குஞ்செல்லாம் செத்து அடியில் படிந்திருந்தன. செத்ததையே அள்ளி வீசிப் பார்த்தார்கள். சூரைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டன.

"பாதியோட நிறுத்தியிருந்தா பிழைச்சிருக்கும்," என்றான் ஹுஸ்ஸே. அதில் கிண்டல் இல்லை. தொன்கலோ தோணியைக் கரைப்பக்கம் திருப்பினான்.

கரை சேர்ந்ததும் ஆட்கள் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியாக ஹுஸ்ஸேயும். "தப்பா நினைக்காதீங்க அத்தான். அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

தொன்கலோ தனியாகத் தோணியைத் தெற்குப் பாருக்கு ஓட்டிப்போனான். தொட்டியில் கிடந்ததைக் கூடைகூடையாகக் கடலில் கொட்டினான். "பாவி, நான்தானே... நான்தானேடா..." என்று வாய்விட்டே அழுதான். பிறகு நீர்க்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து தண்ணீருக்குள் பார்த்தான். நீலமும் மஞ்சளுமாக அவை வெளுத்த பவளத்தின் மேல் மெல்ல இறங்கின. முன்பெல்லாம் ஒரு செதில் விழுந்தாலே எங்கிருந்தெல்லாமோ மீன்கள் பாய்ந்து வரும்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தின்னக்கூட எதுவும் வரவில்லை.