காதோரத்துப் படுக்கைப்புண்

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எனக்கு ‘மார்க் அக்கா’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. உள்ளுக்குள் பிடித்திருந்ததால் நானும் தெரியாத மாதிரியே இருந்தேன்.

மார்க் என்றால் படுக்கைப்புண் மார்க். அசையாமல் கிடக்கும் நோயாளிக்குப் புண் வருமா என்று முன்கூட்டியே கணிக்க எங்களிடம் ஒரு தாள் உண்டு. வலி உணர்கிறாரா, தோல் ஈரமாக இருக்கிறதா, தானே புரள்கிறாரா, சாப்பாடு இறங்குகிறதா என்று ஆறு கேள்விகள். மார்க் குறையக் குறைய ஆபத்து அதிகம். புதிதாக வரும் நர்ஸுகளுக்கு இதை வகுப்பெடுப்பது நான். “தாளைப் பாக்காதீங்க, தோலைப் பாருங்க” என்று ஆரம்பித்து, பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சற்று மௌனமாக நிற்பேன். அந்த மௌனத்துக்கு வீட்டில் ஒத்திகையெல்லாம் உண்டு. என் கணவருக்கு மனப்பாடம்.

ஏழாம் படுக்கைக்கு ஒரு பஸ் டிரைவர் வந்தார். நுரையீரலில் கடுமையான தொற்று. வாய்வழியாகக் குழாய் போட்டு, மயக்க மருந்து கொடுத்து, சுவாச இயந்திரத்தில் வைத்திருந்தோம். நானே மதிப்பிட்டேன்: பதினொன்று. காற்று மெத்தை போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டி, குதிகாலைத் தலையணையில் தூக்கி வைத்தோம். அந்த மனிதரின் முதுகையும் இடுப்பையும் அவருடைய மனைவியைவிட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

மனைவி தையல்காரி. மாலை நான்கு மணிக்குப் பதினைந்து நிமிடம் உள்ளே விடுவோம். மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், இந்த நாடா காதுமேல ரொம்ப இறுக்குது.”

குழாய் நகராமல் இருக்கக் கன்னத்தோடு சேர்த்துக் காதுக்கு மேலே சுற்றிக் கட்டும் நாடா அது.

“குழாய் நழுவினா உயிருக்கே ஆபத்தும்மா. இறுக்கமாத்தான் இருக்கணும்.”

“துணியே இவ்ளோ இறுக்கினா தாங்காது. இது தோலாச்சே?”

“நாங்க தினமும் மார்க் போட்டுப் பாக்குறோம். நீங்க கவலப்படாதீங்க.”

மறுநாளும் அதையே சொன்னார். நான் தாளையே எடுத்துக் காட்டினேன். பதினொன்று, பதினொன்று, பதினொன்று, பதினொன்று. அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரி சிஸ்டர்” என்றார். அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கும் வாடிக்கையாளரிடம் சொல்லும் ‘சரி’ அது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஐந்தாம் நாள் காலை முகம் துடைக்க நாடாவை அவிழ்த்தோம். உடனிருந்த நர்ஸ் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடது காதின் மேல்விளிம்பில், நாடா ஓடிய தடத்தில், தோல் உரிந்து விரல்நகம் அளவுக்குப் புண்.

“அக்கா...” என்றாள் அவள்.

தாளை எடுத்தேன். அன்றைக்கும் பதினொன்று போட்டாயிற்று. பக்கத்திலேயே ‘தோல்: நலம்’, என் கையெழுத்தில். காலையில் வந்ததும் நேற்றைய வரியைப் பார்த்து எழுதியது. மார்க்கில் தப்பில்லை. காதைத்தான் பார்க்கவில்லை.

டாக்டர் குனிந்து பார்த்தார். “சின்னதுதானே சிஸ்டர்? லேசான சிவப்புன்னு எழுதிடுங்களேன்.”

அந்த யோசனை எனக்கு இனித்தது. வாசலில் ‘ஆறு மாதமாகப் புண் இல்லாத பிரிவு’ என்று பலகை, அதன் கீழே சிரித்தபடி என் புகைப்படம். உரிந்த காதைப் பார்த்துக்கொண்டே அந்தப் படத்தைத்தான் நினைத்தேன். குழாயைப் பிடித்திருந்தவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோல் உரிஞ்சிருக்கு டாக்டர். படுக்கைப்புண்ணுன்னே எழுதுறேன்” என்றேன். தியாகி மாதிரி ஒரு குரல் வந்தது. அவள் இல்லாவிட்டால் என்ன எழுதியிருப்பேனோ, சத்தியமாகத் தெரியாது.

நான்கு மணிக்கு மனைவியிடம் சொன்னேன். “மன்னிச்சிடுங்கம்மா. நீங்க ரெண்டு தடவ சொன்னீங்க. நான்தான் காதுல போட்டுக்கல.”

“ஆமா சிஸ்டர். அவர் காதுல போட்டுட்டீங்க.”

அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. புது நாடாவுக்கு அடியில் நாங்கள் வைத்திருந்த மெத்தென்ற பட்டையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு பக்கமும் நாடாவுக்கு அடியில் ஒரு விரலை நுழைத்துப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் போகுது. அந்தப் பக்கம் போகல.”

குழாயை ஒருவர் பிடிக்க, அவிழ்த்து மறுபடி கட்டினேன். விரல் போனது.

பலகையையும் படத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். யாராவது ஒருவர் தடுப்பார் என்று எதிர்பார்த்தேன். பத்தே நிமிடத்தில் சுவர் காலி.

ஒன்பதாம் நாள் டிரைவருக்குக் குழாயை எடுத்தோம். காது முழுதாக ஆறவில்லை. கண்ணாடி மாட்டக் கூடாது. கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் நிற்பவர் முகம் தெரியாது. அதனால் மனைவி கண்ணாடியைக் கையில் எடுத்து அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, உங்க காதுப் புண்ணுக்கு நான்தான் காரணம்” என்றேன்.

“கிட்ட வாங்க, பாத்து வச்சிக்கிறேன்” என்றார் கரகரத்த குரலில். மனைவி கண்ணாடியை என் பக்கம் திருப்பினார். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நானும் ஒரு தடவ ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்துல இடிச்சிருக்கேன். இவ பின்னாடி நின்னு கத்திக்கிட்டே இருந்தா.”

“கேக்கலையா?”

“கேட்டுச்சு” என்றார். “இவளுக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சேன்.”

மனைவிக்குக் கை வலித்திருக்க வேண்டும். கண்ணாடியை என்னிடம் நீட்டி, “கொஞ்ச நேரம் நீங்க பிடிங்க சிஸ்டர்” என்றார். பிடித்துக்கொண்டேன்.