முப்பத்தேழாரின் பத்தாம் கட்டம்

அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளிக்கு ஊழியர்கள் வைத்த பெயர் முப்பத்தேழார். அந்தப் பெயரைச் சம்பாதித்தவர் அவரேதான். தம் ஜாதகம் முந்நூற்று முப்பத்தேழு பரல் வாங்கியது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பரல் என்பது மதிப்பெண் மாதிரி. ஜாதகத்தின் பன்னிரண்டு கட்டங்களிலும் கிரகங்கள் போடுகிற புள்ளி. அந்த எண்ணைச் சொல்லும்போது அவர் குரல் தானாகத் தணியும், பெரிய இடத்துச் சம்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறவரைப் போல.

தயாரிப்புத் தலைவர் வேலையை விட்டுப் போனதும் நாற்காலி காலியானது. அதன்மேல் தரச்சோதனைக்காரிக்கு வெகுநாளாகக் கண். பெட்டியை அழுத்தும் இயந்திரத்துக்கடியில் வைத்து, அது நசுங்குகிற கணத்தில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. போட்டிக்கு இருந்தவன் விற்பனைப் பிரிவு மைத்துனன், அதாவது முதலாளியம்மாவின் தம்பி. பசை காய எவ்வளவு நேரமாகும் என்பது அவனுக்குத் தெரியாது, ஆனால் மாமாவுக்கு எப்போது காபி வேண்டும் என்பது தெரியும்.

"இன்டர்வியூ எல்லாம் மனுஷன் கண்டுபிடிச்சது. கிரகம் சிபாரிசுக்கு மயங்காது" என்றார் முப்பத்தேழார். "ரெண்டு பேரும் பிறந்த நேரத்தைக் குடுங்க. யாருக்கு மொத்தப் பரல் அதிகமோ, அவங்களுக்குத்தான் நாற்காலி."

ஜோசியரிடமிருந்து முடிவு வந்தது. இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். முகம் வேகவைத்ததுபோல் இருந்தது.

"உனக்கும் முந்நூத்தி முப்பத்தேழு. இவனுக்கும் முந்நூத்தி முப்பத்தேழு. ஏம்மா, என் ஜாதகத்தைத் திருடினியா?"

"சார், நான் எதுக்கு..."

"மாமா, நான் சத்தியமா..."

"நீ பேசாதே. பரீட்சையிலதான் காப்பி அடிச்சே, பிறப்புலயுமா? நாளைக்குள்ள உண்மையான நேரம் வரணும். இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம்."

நாற்காலிக்கு ஆசைப்பட்டவளுக்கு இப்போது ஸ்டூலும் ஆடியது. ஆனால் பஸ்ஸில் போகும்போது அவளை அரித்தது பயமில்லை. முதலாளியோடு சேர்த்து மூன்று பேருக்கு ஒரே எண் எப்படி வரும்?

வீட்டுக்குப் போனதும் செல்போனில் ஒரு ஜாதகச் செயலியை இறக்கினாள். புருஷனின் விவரத்தைப் போட்டாள். முந்நூற்று முப்பத்தேழு.

"பாத்தியா, எனக்கும் ராஜயோகம்" என்றான் அவன், கால்மேல் கால் போட்டு.

"அந்த ராஜாவ எழுந்து பாத்திரத்தைத் தேய்க்கச் சொல்லு. அத்தை, நீங்க பிறந்தது எத்தனை மணிக்கு?"

"ஏன், என்னை எங்கே கட்டிக் குடுக்கப் போறே?" என்று கேட்டுவிட்டுத்தான் மாமியார் சொன்னாள். அதே எண். கடைசியில், அழுத்தும் இயந்திரத்தைக் கம்பெனியில் நிறுவிய தேதியையே போட்டாள். இரும்புக்கும் முந்நூற்று முப்பத்தேழு!

காலையில் நேராக ஜோசியரிடம் போனாள். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. அவர் சிரித்தார்.

"எல்லாருக்கும் அதேதாம்மா. சூரியன் நாப்பத்தெட்டுப் புள்ளி போடும், சந்திரன் நாப்பத்தொன்பது. இப்படி ஏழு கிரகத்துக்கும் கணக்கு உண்டு. அது எந்த ஜாதகத்துலயும் மாறாது. எந்தக் கட்டத்துல எத்தனை விழுதுங்கறதுதான் மாறும்."

"ஒரே எடை அட்டை. மடிப்பு எங்கே விழுதோ அங்கே பலம். அப்படியா?"

"அப்படித்தான். உத்தியோகத்துக்குப் பத்தாம் கட்டத்தைப் பாக்கணும். சராசரி இருபத்தெட்டு." தாளைப் புரட்டி, கொஞ்சம் தயங்கினார். "உனக்கு இருபத்திமூணு. அந்தப் பையனுக்கு முப்பத்தாறு."

அவள் அதை விழுங்கிக்கொண்டாள். "இதை ஏன் எங்க முதலாளிகிட்ட சொல்லலை?"

"தன் ஜாதகத்தைக் கொண்டுவந்தப்போ மொத்தம் எவ்வளவுன்னு கேட்டார், சொன்னேன். உடனே எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். அந்த நேரத்துல போய், இது ஊர்ல எல்லாருக்கும் உள்ளதுதான்னு எப்படிம்மா சொல்றது?"

திரும்பும் வழியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். பாதியைச் சொல்லித் திருட்டுப் பட்டத்திலிருந்து தப்பிப்பது. பத்தாம் கட்டத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

அறையில், மைத்துனனும் பக்கத்தில் நிற்க, அந்தப் பாதியைக் கேட்டார் முப்பத்தேழார்.

"எல்லாருக்குமா?"

"ஆமா சார்."

"வாட்ச்மேனுக்கு?"

"அவருக்கும்தான் சார்."

காற்றுப் போன பந்துபோல் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு, ஊழியர் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். கேள்வி கேட்டார். "அப்போ எதைத்தான் பாக்கணும்?"

முள் காட்டியதை மாற்றிச் சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. இருந்திருந்தால் இந்நேரம் விற்பனைப் பிரிவில் பெரிய ஆளாகியிருப்பாள். "பத்தாம் கட்டத்தை சார். எனக்கு இருபத்திமூணு. அவருக்கு முப்பத்தாறு" என்றாள். சொல்லும்போதே நாற்காலி கைநழுவிப் போவது தெரிந்தது.

மைத்துனன் துள்ளினான். "நான்தான் அப்பவே சொன்னேனே மாமா!" அவன் எப்போதும் எதையும் சொன்னதில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். "உங்களுதையும் பாக்கச் சொல்லுங்க மாமா. அம்பதுக்குக் குறையாது!"

முப்பத்தேழார் தாம் பிறந்த நேரத்தை நொடி சுத்தமாகச் சொன்னார். அவள் செல்போனில் தட்டினாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"சொல்லும்மா."

"பத்தொன்பது சார்."

மைத்துனனுக்குச் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்க நிறைய இருந்தது.

"நீ போய் காபி கொண்டு வரச் சொல்லு" என்று அவனை அனுப்பினார். கதவு மூடிக்கொண்டதும் குரலைத் தாழ்த்தினார். "நாளையிலேர்ந்து தயாரிப்பை நீ பாத்துக்கோ."

அவளுக்குக் காதில் விழுந்தது, மூளையில் ஏறவில்லை. "சார், அவருக்குத்தானே முப்பத்தாறு?"

"அதனாலதாம்மா. முப்பத்தாறைக் கொண்டுபோய் பத்தொன்பதுக்குக் கீழே உக்கார வெச்சா, அது எத்தனை நாளைக்குக் கீழேயே இருக்கும்?"

நன்றி சொல்லிவிட்டு ஓடியிருக்க வேண்டும். அந்தப் பாழாய்ப்போன ஆர்வம் விடவில்லை.

"இருபத்திமூணும் பத்தொன்பதை விட அதிகம்தானே சார்?"

முப்பத்தேழார் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நாலுதானே" என்றார். "சமாளிச்சுக்கலாம்."