நன்றாகக் குலுக்கவும்

காகிதத்தில் நான்கே வரிகள்தான் இருந்தன. நான்காவது வரிக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே "மெக்கானிக்" என்று அச்சடித்திருந்தது. அந்தக் கோட்டின் மேல்தான் பால்காரி கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"முன்சக்கரத்தில் சீலன்ட் ஊற்றாமல் விட்டது முழுக்க முழுக்க எனது கவனக்குறைவே." இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறை படித்தபோது காது மடல் சூடேறிவிட்டது.

"இதை யாரு மாமா எழுதினது?"

மாமா என்றால் அவள் அக்காவின் கணவர். இந்த சைக்கிள் கடையின் முதலாளியும் அவர்தான். மேஜை விளிம்பில் இல்லாத தூசியை விரலால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "யாரு எழுதினா என்னம்மா? டீச்சர் பதினோரு மணிக்கு வராங்க. நீ இதுல போட்டுக் கொடுத்துடு, நான் புது டயரை மாட்டிக் கொடுத்துடறேன். விஷயம் முடிஞ்சுது."

"நான் ஊத்தினேன்."

"மறந்திருப்பே."

"நான் ஊத்தினேன் மாமா."

"சரி, ஊத்தினே. அப்புறம் ஏன் ஓட்டை அடைக்கலை?"

நான்கு நாளாக அவள் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பது அந்தக் கேள்விதான்.

அவளுக்குப் பால்காரி என்ற பெயர் வந்ததே அந்த சீலன்டால்தான். பந்தய சைக்கிளின் டயர்களில் இப்போதெல்லாம் பலர் டியூப் வைப்பதில்லை. டயரின் விளிம்பு ரிம்மின் உள்பள்ளத்தில் போய் இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். கம்ப்ரஸரால் காற்றை அடித்தால் டப், டப் என்று இரண்டு வெடிச் சத்தம் கேட்கும். விளிம்பு ஏறிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு வால்வ் வழியாக ஒரு குப்பி வெள்ளைத் திரவத்தை உள்ளே விட வேண்டும். கடையில் எல்லோரும் அதைப் பால் என்றுதான் சொல்வார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற அது உட்சுவர் முழுக்கப் பரவிக்கொண்டே இருக்கும். கம்பியோ கண்ணாடிச் சில்லோ குத்தினால் காற்று அந்த ஓட்டை வழியாக வெளியே பாயும் அல்லவா? பாயும்போது பாலையும் இழுத்துக்கொண்டு போகும். பாலில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் துகள்கள் இருக்கின்றன. கூட்டமாகக் கதவுக்கு ஓடிய ஆட்கள் வாசலில் மாட்டிக்கொள்வது போல அவை ஓட்டையில் முட்டி மோதி அடைத்துக்கொள்ளும். துகள்களுக்கு நடுவே இருக்கும் ரப்பர் பால் காற்றுப் பட்டதும் இறுகிவிடும். சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஓட்டுகிறவருக்குக் குத்தியதே தெரியாது.

இந்த ஒன்றில் அவளை அசைக்க ஆள் கிடையாது. மலைப் பாதை சைக்கிளில் டயர் பருமன், காற்று குறைவு, பால் நிதானமாக அடைக்கும். பந்தய சைக்கிளில் டயர் ஒல்லி, காற்றோ கல் போல. ஓட்டை விழுந்தால் சீறிக்கொண்டு வரும். பால் சரியாக இல்லாவிட்டால் அடைக்காது. அதனால் ஒவ்வொரு குப்பியையும் முப்பது எண்ணும்வரை குலுக்கிவிட்டுத்தான் திறப்பாள். ஊற்றிய தேதியை எழுதி, தன் கையெழுத்தையும் சேர்த்து ரிம்மில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவாள். ஊரில் பாதிப் பேர் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் இறக்கத்தில் பிரேக்கை விடுவார்கள்.

கணக்கு டீச்சரும் அப்படித்தான் பிரேக்கை விட்டார். மூன்று வாரத்துக்கு முன் இரண்டு சக்கரத்துக்கும் பால் ஊற்றிக்கொண்டு போனவர். போன ஞாயிற்றுக்கிழமை நீர்த்தொட்டிச் சரிவில் இறங்கும்போது முன் டயரில் ஏதோ குத்தி, வளைவுக்குள் போவதற்குள் காற்று இறங்கி, கீழே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

"கடைச் சரக்கு சரியில்லைன்னு பேர் வந்தா கடையே போச்சு" என்றார் மாமா, குரலைத் தணித்து. "ஒரு ஆள் மறந்துட்டான்னா அது மனுஷத் தப்பு. மன்னிச்சுடுவாங்க."

"அந்த ஆள் நானாக்கும்?"

"குடும்பத்துக்குள்ளதானே? ரெண்டு மாசம் நீ முன்னாடி கவுன்டரைப் பாரு. சக்கர வேலையைத் தம்பி பாத்துப்பான்."

அவளுக்கு உச்சந்தலையில் சுள்ளென்றது. தம்பி! மாமாவின் தம்பிக்குக் கடையில் ஐடியா என்று பெயர். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று புதிது புதிதாக ஐடியா சொல்லுவார். திருகாணிகளை நிறவாரியாக அடுக்கியது அவர் ஐடியா. நிறவாரியாக அடுக்கியதில் எது எந்த அளவு என்று யாருக்கும் தெரியாமல் போனது. அவர் கையிலா சக்கரம்?

கவுன்டரில் ரசீதுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அக்கா நிமிர்ந்தாள். "போட்டுடேன்டி. ஒரு கையெழுத்துதானே. வீட்டுக்குப் போனா இவர் மூஞ்சியை நான்தான் பாக்கணும்."

"நீ மூஞ்சியை உடைச்சுக்கிட்டு வந்து நிக்கும்போது, மறந்துட்டேன்னு ஒருத்தி எழுதிக் கொடுத்தா சும்மா இருப்பியா?"

அக்கா மறுபடி குனிந்துகொண்டாள்.

பால்காரி காகிதத்தை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். டீச்சரின் சைக்கிள் அங்கே கொக்கியில் தொங்கியது. பளபளவென்று இருந்தது.

"யாரு கழுவினது?"

"நான்தான்" என்று ஐடியா உள்ளிருந்து குரல் கொடுத்தார். "அழுக்கோட கொடுத்தா நல்லா இருக்குமா? ஷாம்பு போட்டுக் கழுவினேன்."

"கீழே விழுந்த வண்டியைக் கழுவுவாங்களா? சாட்சி எல்லாம் போச்சே!"

"என்னம்மா, கொலையா நடந்திருக்கு?"

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டாள். ஷாம்பு போட்டுக் கழுவுகிறவர்கள் மேலே பார்த்துத்தான் கழுவுவார்கள். ஃபிரேமின் சாய்ந்த குழாய்க்கு அடியில், தண்ணீர் பாட்டில் மாட்டும் கம்பிக்குப் பின்னால், பொடிப் பொடியாக வெள்ளைப் புள்ளிகள் காய்ந்து ஒட்டியிருந்தன. அம்மை போட்டது போல. முன்சக்கரத்திலிருந்து சீறியடித்தால் சரியாக அங்கேதான் படும்.

"மாமா! இங்க வாங்க. ஊத்தாத பால் எப்படிச் சிதறுச்சாம்?"

மாமா குனிந்து பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் விடவில்லை. "ஊத்தியிருக்கே, சரி. குலுக்காம ஊத்தியிருப்பே."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, ஆத்திரத்தில். இந்தக் கடையில் குலுக்கு குலுக்கு என்று தொண்டை வறள ஒன்பது வருடமாகக் கத்துகிறவள் அவள். குலுக்கும்போதெல்லாம் "என்ன, இருமல் மருந்தா?" என்று கிண்டல் செய்கிறவர்கள் இவர்கள். இப்போது அவளே குலுக்கவில்லையாம்!

ஆனால் உள்ளுக்குள் ஒன்று முள்ளாகக் குத்தியது. அன்றைக்குப் பால் வழக்கத்தைவிடச் சுலபமாக இறங்கியது. வால்வில் சிக்கவே இல்லை. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள். ஏன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

எழுந்து அலமாரியைத் திறந்தாள். பால் முன்பெல்லாம் ஒரு லிட்டர் கேனில் இருக்கும். அவளே குலுக்கி, அளந்து ஊற்றுவாள். போன மாதம் ஐடியாவுக்கு ஓர் ஐடியா வந்தது. ஒரு டயருக்கு ஒரு குப்பி. கேனை முப்பது கறுப்புக் குப்பிகளில் ஊற்றி வரிசையாக அடுக்கிவிட்டார். இடப்பக்கத்திலிருந்து எடுத்து எடுத்து இருபத்து நான்கு தீர்ந்திருந்தன. கடைசி ஆறு மிச்சம். ஒவ்வொன்றிலும் அச்சடித்த லேபிள்: நன்றாகக் குலுக்கவும்.

ஒன்றை எடுத்தாள். முப்பது எண்ணிக் குலுக்கினாள். மூடியைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளருக்கு மேல் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. அழுத்தினாள். டூத்பேஸ்ட் போல ஒரு வெள்ளைக் கட்டி எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் போன வாரம் வந்த தபால்காரர் ஞாபகத்துக்கு வந்தார். வால்வ் அடைத்துப்போய்க் காற்றே ஏறவில்லை என்று அவரும் அவளைத்தான் திட்டிவிட்டுப் போனார். ஒருவருக்குப் பால் அடைக்கவில்லை, இன்னொருவருக்கு அடைக்கக் கூடாத இடத்தில் அடைத்தது. இரண்டும் ஒரே கேன்.

"நீங்க குப்பியில ஊத்தும்போது" என்று மெதுவாகக் கேட்டாள், "கேனைக் குலுக்கினீங்களா?"

ஐடியா சிரித்தார். "அதான் ஒவ்வொரு குப்பியிலயும் குலுக்கவும்னு ஒட்டியிருக்கேனே! முப்பது லேபிள். ஒண்ணுகூடக் கோணலா இல்ல, பாரு."

"கேனை?"

"கேனை எதுக்கு? ஊத்துறவங்கதானே குலுக்கணும்."

"ஊத்தினது நீங்கதானே!"

ஐடியா வாயைத் திறந்தார். அதிலிருந்தும் ஒன்றும் விழவில்லை.

சரியாகப் பதினோரு மணிக்கு டீச்சர் வந்தார். இடது கை கழுத்தில் கட்டிய தூளியில் தொங்கியது. யாரும் கேட்பதற்கு முன் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஒரு சின்னக் கவனக்குறைவு நடந்துபோச்சுங்க டீச்சர், எங்க பொண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் மாமா" என்றாள் பால்காரி. "டீச்சர், உங்க பின்சக்கரத்தை நான் இப்ப உங்க முன்னாடியே திறக்கலாமா?"

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "திறங்க. எனக்கும் தெரியணும்."

பின்சக்கரத்தில் எதுவும் குத்தவில்லை, அதனால் அதில் ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. ரிம்மில் அவள் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கர். வால்வின் நடுத்தண்டைக் கழற்றினாள். ஊசியில்லாத சிரிஞ்சில் மெல்லிய குழாயை மாட்டி உள்ளே விட்டு உறிஞ்சினாள். வந்ததை இன்னொரு டம்ளரில் விட்டாள். பால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. கட்டியைப் பிதுக்கிய டம்ளரையும் இதையும் டீச்சருக்கு முன்னால் வைத்தாள்.

"இது ரெண்டும் ஒரே கேன்ல இருந்து வந்தது. ஓட்டையை அடைக்கிற துகள் கனம், அடியில தங்கிடும். கேனைக் குலுக்காம ஊத்தினதால முதல் குப்பிகளுக்கு வெறும் தண்ணிதான் வந்துச்சு, கடைசிக் குப்பிகளுக்கு வெறும் சகதி. உங்களுக்கு வந்தது முதல் ரெண்டு. நான் அந்தக் குப்பியை முப்பது எண்ணிக் குலுக்கினேன். அதுல இல்லாததைக் குலுக்கி வரவழைக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா அன்னிக்கு ரொம்பச் சுலபமா இறங்குச்சு. நான் அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். அது என் தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். அதுக்கு மட்டும்."

டீச்சர் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அப்ப, நடுவுல வந்த குப்பிகள்?"

தன் மேல் விழுந்த பழியைத் துடைப்பதிலேயே இருந்தவளுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? இருபத்து நான்கு குப்பிகள். பன்னிரண்டு சைக்கிள்கள். டீச்சரைத் தவிரப் பதினொன்று இந்த நிமிஷத்தில் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன. எல்லாவற்றின் ரிம்மிலும் அவள் கையெழுத்து.

மாமாவின் பக்கம் திரும்பினாள். குரல் தானாக உயர்ந்தது. "நான் அந்தக் கோட்டுக்கு மேல கையெழுத்துப் போட்டிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுதா? ஒரு சக்கரத்துல மறந்துட்டாங்கன்னு ஃபைலை மூடிட்டு உக்காந்திருப்போம். மத்த பதினோரு பேரும் சரிவுல இறங்கிக்கிட்டே இருந்திருப்பாங்க!"

"மெதுவா பேசும்மா, ரோட்டுல போறவங்க..."

"கேக்கட்டும்!"

"தம்பி வேணும்னா செஞ்சான்?" மாமா கெஞ்சலாகச் சொன்னார். "தெரியாம நடந்துருச்சு."

"அவரு தெரியாம செஞ்சாரு. நீங்க என்ன நடந்துச்சுன்னு தெரியாமலே என் மேல எழுதிட்டீங்க. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

கம்ப்ரஸர் தானாக ஓடி, தானாக நின்றது.

அக்காதான் முதலில் அசைந்தாள். ரசீதுப் புத்தகத்தைத் திருப்பினாள். "பேரைச் சொல்லு. நம்பர் இதுலதான் இருக்கு."

பால்காரி சட்டைப் பையிலிருந்த காகிதத்தை எடுத்து விரித்தாள். வெற்றுப் பக்கம் மேலே வருமாறு திருப்பி வைத்துப் பேனாவை எடுத்தாள். பல் டாக்டர், லாரி ஷெட் அண்ணன், இரட்டைப் பிள்ளைகளின் அப்பா, கடைசியில் தபால்காரர். தேதி வாரியாக எழுதினாள். முதல் குப்பிகள் போனவர்கள் மேலே.

டீச்சர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "முடிக்கிற வரைக்கும் இருக்கேன்" என்றார். "பதினொண்ணும் வருதான்னு எண்ணணும்."

ஐடியா தயங்கித் தயங்கி வந்து, "நான் ஒரு ஐடியா சொல்லட்டுமா? எல்லாருக்கும் ஒரே மெசேஜா அனுப்பிட்டா..." என்றார்.

பால்காரி போனை எடுத்து அவர் கையில் வைத்தாள். "மெசேஜை யாரும் படிக்க மாட்டாங்க, உங்க லேபிள் மாதிரி. ஒவ்வொருத்தரையும் கூப்பிடுங்க. கேனைக் குலுக்காதது யாருன்னு நீங்களே சொல்லுங்க."

ஐடியா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் மேஜை விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா முதல் எண்ணை உரக்கப் படித்தாள்.

போன் மணி நான்கு முறை அடித்தது. அந்தப் பக்கம் யாரோ எடுத்தார்கள். மூச்சு வாங்கியது, பின்னால் காற்று இரைந்தது.

"ஹலோ, வண்டி ஓட்டிக்கிட்டா இருக்கீங்க?" என்றார் ஐடியா. "இறங்கிடுங்க சார். முதல்ல இறங்குங்க, அப்புறம் சொல்றேன்."