தறி நின்ற நேரம்

கிட்ட வாங்க கண்ணுகளா, விசிறிக்குக் கீழே இடம் இருக்கிறது. ஒருத்தி பயந்த கதை சொல்கிறேன். உங்களுக்கும் பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நகரியில் விசைத்தறி வீட்டில் பிறந்தவள் ரோஜா. மாமன் மகன் தனசேகரைக் கட்டிக்கொண்டாள். இருவரும் திருச்சானூரில் ஒரு லாட்ஜ் மாடியில் அறை எடுத்து செல்போன் கேம் செய்தார்கள். ஊரே ஆடுகிற துப்பாக்கி, கார் ஆட்டம் இல்லை. படமே கிடையாது, காதால் கேட்டு ஆடுவது. பார்வை இல்லாதவர்களுக்கென்றே செய்த பேய் ஆட்டம்.

"ஊருக்கே கடை போடாம தெருக்கோடி வீட்டுக்கு மட்டும் இட்லி சுட்டுக்கினு கீறீங்களே" என்றான் லாட்ஜ்காரன் ஏகாம்பரம்.

"அந்த வீட்டுக்கு இதுவரைக்கும் யாரும் சுடலியேண்ணா" என்று சிரித்தாள் ரோஜா.

சிரிப்பு வாயில்தான். ஆட்டம் எடுபடாவிட்டால் திங்கட்கிழமை தனசேகர் பெங்களூர் கம்பெனிக்குப் போயாக வேண்டும். பெட்டி கதவோரம் தயாராக நின்றது.

சோதித்துப் பார்க்க அலர்மேல்மங்கை வந்தாள். திருப்பதியில் பேங்க் வேலை, பிறவியிலேயே பார்வையில்லை. இப்படிப்பட்ட ஆட்டங்களை ஆடுகிறவர்கள் அவள் வாய்ச்சொல்லைத்தான் நம்புவார்கள்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஆட்டத்தில் ஒரு இருண்ட தறிக்கூடம், தறிகள் கடகடவென்று ஓடும். "அக்கா, இப்டி வா" என்று ஒரு தங்கை குரல் வழிகாட்டும். அது ரோஜாவின் குரல்தான். பேய் நெருங்கினால் தறிகள் சட்டென்று நின்றுவிடும்.

நின்றன. அலர்மேல்மங்கை ஹெட்போனைக் கழற்றினாள். "இன்னாம்மா, ஆட்டம் நின்னுபூச்சே?"

"நிக்கலக்கா, அதான் பேய்."

"பேயா! போன்ல சார்ஜ் போயிட்ச்சின்னு நெனச்சேன்."

ரோஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிறுவயதில் அவளைப் பெற்ற நைனாவின் சட்டை தறியில் சிக்கிய அன்று சத்தம் நின்றதும் தெருவே ஓடிவந்தது. தறி நின்றால் தறிக்காரருக்கு உயிர் போகும். மற்றவர்களுக்கு அது வெறும் அமைதி. இது தோன்றவே இல்லையே அவளுக்கு! தனசேகர் பெட்டியைப் பார்த்தான்.

"அக்கா, உங்களுக்கு எப்பக்கா பயம் வரும்?"

அலர்மேல்மங்கை ஹெட்போனை மடியில் வைத்தாள். "கூட பேசிக்கினு வந்தவங்க பதில் சொல்ல மாட்டாங்க. ஆனா பக்கத்துல யாரோ மூச்சு வுடுவாங்க. அப்ப."

உடனே மைக்கை எடுத்து ரோஜா தன் மூச்சைப் பதிவு செய்தாள். தறியை ஓடவிட்டாள், தங்கை குரலை நிறுத்தினாள், மூச்சை இடது காதோரம் வைத்தாள்.

மறுபடி ஆட்டம். அலர்மேல்மங்கையின் முகம் வெளுத்தது. துழாவி ரோஜாவின் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்தாள். "யாரது? அடியே, யாரது!" கழற்றி எறிந்துவிட்டு மூச்சிரைக்கச் சிரித்தாள். "பாவி! முதல்ல எங்காளுங்களுக்கு இத அனுப்பு."

பெட்டியைக் கட்டிலடியில் தள்ளிவிட்டு, அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடத் தனசேகர் கூடவே இறங்கினான். ரோஜா கண்ணை மூடிக்கொண்டு தானே ஆடிப் பார்த்தாள். தங்கை குரல் நின்றது. மூச்சு வந்தது. தன் மூச்சுதான், தெரியும். ஆனாலும் தனசேகர் திரும்பிவிட்டானா என்று கூப்பிட்டாள்.

"மாமா?"

பதில் இல்லை. மூச்சு மட்டும், இன்னும் கிட்டத்தில்.

"மாமா!"

ஹெட்போனைப் பிடுங்கினாள். படியில் செருப்புச் சத்தம். "இன்னாடி? வந்துக்கினுதான கீறேன்!"

அப்போதுதான் அவளுக்கு உயிர் வந்தது.

உங்கள் வீட்டிலும் கண்ணுகளா, கூப்பிட்ட குரலுக்கு எந்நாளும் பதில் வரட்டும். வெளியே போனவர்கள் எல்லாரும் பத்திரமாகப் படியேறி வரட்டும்.