பத்து நிமிஷத் தியாகம்

தேவா குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டு வந்தபோது, ஜெயிலுக்குப் போய்த் திரும்பிய கட்சிக்காரனுக்குக்கூட அப்படியொரு உபசாரம் நடந்திருக்காது. அவன் அம்மா பேபி ஆட்டுக்கால் சூப் வைத்து, "என் புள்ளைய அறுத்துட்டானுங்களே" என்று மூக்கைச் சிந்தினாள். பத்து நிமிஷ வேலை. தையல்கூடக் கிடையாது. இரண்டு நாள் ஓய்வு போதும் என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகராசன் ஒரு வாரம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லி வைத்தான்.

அவன் பெண்டாட்டி யுவராணிக்கு யார் சூப் வைத்தார்கள்? இரண்டு பிரசவம். அப்புறம் காப்பர்-டி. மாதத்தில் பதினைந்து நாள் உதிரம் கொட்டி, ரத்த அளவு ஏழுக்கு இறங்கியது. அதை எடுத்துவிட்டு மாத்திரை. அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது வருஷமாக எல்லாம் அவள் உடம்பில்தான். கடைசியில் டாக்டரம்மாதான் தேவாவைக் கூப்பிட்டு, "இந்த ரத்தத்துல இவங்களுக்கு ஆபரேஷன் பண்ண முடியாது. இன்னொரு பிரசவமும் தாங்காது. நீங்க பண்ணிக்குங்க" என்றாள். அவன் 'சரி' என்று சொல்ல எட்டு மாதம் ஆனது. சொன்னதிலிருந்து, சோற்றில் உப்பு குறைந்தால்கூட, "உனக்காக இன்னா பண்ணிகினேன், ஒரு உப்பு போடத் தெர்ல" என்பான்.

பொங்கல் முடிந்து ஆபரேஷன். பங்குனிக் கடைசியில் யுவராணிக்கு நாள் தள்ளிப்போனது. மருந்துக் கடையில் அட்டை வாங்கிப் பார்த்தாள். இரண்டு கோடு. தேவா இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் முதல் ஷிப்டுக்குக் கிளம்பி, யூனிபார்ம் பட்டனைப் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

"எனக்குத்தான் கட் பண்ட்டாங்களே, அப்பறம் எப்டி?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

"நான் உன்ன கேக்கறேன்டி. யாரு?"

யாரு. இரண்டே எழுத்து. ஒன்பது வருஷம் அவனுக்குச் சோறு கட்டி, அவன் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டதற்கெல்லாம் சேர்த்து அந்த இரண்டு எழுத்து. அவள் வாயடைத்து நின்றாள். அதையே குற்றத்தை ஒப்புக்கொண்டதாக பேபி எடுத்துக்கொண்டாள். "நெருப்பில்லாம பொகையுமா?" என்று பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

தெருவுக்கு ஹெர்னியா என்று சொன்ன யோக்கியன், அன்றைக்கே அரக்கோணத்திலிருக்கும் அவள் அண்ணன் சம்பத்துக்குப் போன் போட்டு உண்மையைச் சொன்னான். "மச்சான், நான் ஆபரேஷன் பண்ணிகினவன். உன் தங்கச்சி முழுகாம கீறா. எனுக்கு ஒண்ணும் புரீல. ஞாயித்துக்கெழம வந்து இட்டுகினு போ." பெண்டாட்டியின் மானத்தை வாங்குவதென்றால் மட்டும் அவனுக்கு வெட்கம் விட்டுப்போய்விடும்.

சம்பத் அவளிடமும் போனில் பேசினான். "இன்னா யுவா, அசிங்கமா கீது?" கூடப் பிறந்தவன் அப்படிக் கேட்டதுதான் அவளைச் சுட்டது. மறுநாள் காலை, புடவையை மாற்றிக்கொண்டு தேவாவின் எதிரில் வந்து நின்றாள்.

"கெளம்பு. ஆஸ்பத்திரிக்கு."

"எதுக்கு? லீவு கெடையாது."

"வர்லனா தெருவுல நின்னு உனுக்கு ஹெர்னியாவே இல்லன்னு சொல்லுவேன்."

அவன் சட்டையை மாட்டினான்.

ஆஸ்பத்திரியில் குடும்ப நலப் பிரிவு நர்ஸ் கனிமொழிக்கு அவனை நினைவிருந்தது. "தேவாதானே? மூணு மாச டெஸ்டுக்கு வந்தீங்களா? பரவாயில்லையே, பாதிப் பேர் எட்டியே பாக்கறதில்ல."

"இன்னா டெஸ்ட் சிஸ்டர்?" என்றாள் யுவராணி.

கனிமொழி அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். "வீட்டுல சொல்லலையா? ஆபரேஷன் பண்ண உடனே பலன் வராதும்மா. ஏற்கெனவே உள்ள இருக்கறது போகணும். மூணு மாசம் காண்டம் போடணும். அப்பறம் டெஸ்ட் பண்ணி, ஒண்ணும் இல்லன்னு நாங்க எழுதிக் குடுத்தாத்தான் நம்பலாம். ரெண்டு தடவ சொன்னேன். கையில பாக்கெட்டும் குடுத்தேன்."

"அந்த பாக்கெட் எங்கய்யா?"

"பஸ் ஸ்டாண்டு குப்பத்தொட்டில போட்டுட்டேன்" என்று முனகினான். "ஊட்ல அம்மா பாத்தா இன்னா நெனைக்கும்? அதான் அறுத்தாச்சே, அப்பறம் இன்னாத்துக்குன்னு..."

அம்மா பார்த்துவிடுவாளாம். அந்த வெட்கத்துக்கு அவள் வேசிப் பட்டம் சுமக்க வேண்டுமாம்! யுவராணி அங்கேயே அறைந்திருப்பாள். அதற்குள் கனிமொழி அவனை டெஸ்டுக்கு அனுப்பிவைத்தாள். அவன் போனதும் யுவராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் இருப்பதைப் பற்றி டாக்டரிடம் அவளே பேசலாம், எந்த முடிவானாலும் அவள் கையெழுத்து மட்டும் போதும் என்று தணிந்த குரலில் சொன்னாள்.

ஒன்றரை மணி நேரம் கழித்து ரிசல்ட் வந்தது. விந்தணு இன்னும் இருக்கிறது.

"இன்னும் கீதுங்களா சிஸ்டர்?" தேவாவின் முகம் மலர்ந்தது. மீசையை நீவிக்கொண்டான். ஆபரேஷன் நாளிலிருந்து அவனை அரித்துக்கொண்டிருந்த கவலை அதுதான் போலிருக்கிறது. பெண்டாட்டியின் மானம் போனதற்கு ஒரு வார்த்தை இல்லை. தன் ஆண்மை போகவில்லை என்றதும் ஆளே ஒரு சுற்றுப் பெருத்துவிட்டான். "அப்ப நம்முதுதான். வா யுவா, பிரியாணி துன்னுட்டு போலாம்."

"மொதல்ல எங்க அண்ணனுக்குப் போன் போடு."

தேவா அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போன் போட்டான். "மச்சான், நீ வர வாணாம். டாக்டரு இன்னாமோ சொல்றாங்க, அத்த உடு. குடும்பம்னா ஆயிரம் கீது. போனா போவுது, நான் மன்னிச்சுட்டேன்."

யுவராணி போனைப் பிடுங்கினாள். ஸ்பீக்கரைப் போட்டாள். செக்கப்புக்கு வரிசையில் உட்கார்ந்திருந்த கர்ப்பிணிகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அண்ணே, நான் யுவா. நீ ஞாயித்துக்கெழம வா. என்ன இட்டுகினு போறதுக்கு இல்ல. எங்க மாமியார் எதிர்ல இவுரு பேசப் போறாரு, அத்த கேக்கறதுக்கு. இப்ப உன்னாண்ட பேசுவாரு. என்ன மன்னிச்சாராமே, இன்னா தப்புக்குன்னு நீயே கேளு."

போனை அவன் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"மச்சான்?" என்றது சம்பத்தின் குரல். "இன்னா மச்சான்? இன்னா நடந்துச்சு?"

தேவா வரிசையைத் திரும்பிப் பார்த்தான். "அது வந்து மச்சான்... டாக்டருங்க சரியா..."

"டாக்டரு இல்ல" என்றாள் யுவராணி. "'நான்'னு ஆரம்பி."